யாருடைய குரல் அது?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தை இரண்டு வருடம் தனியாளாக நடத்திவந்த தம்பி ஒருவன், ஓர் ஆடி மாதத்தில் திடீரென்று வருவதை நிறுத்திக்கொண்டான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். காதில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "காலைலேர்ந்து திட்டிக்கிட்டே இருக்காங்க அண்ணா" என்றான். தெருவில் எட்டிப் பார்த்தோம். யாரும் இல்லை.

"முனி அறைஞ்சிருக்குப்பா, மந்திரிச்சாத்தான் சரியாவும்" என்றார் அவனுடைய ஆயா. நாங்கள் பகுத்தறிவு பேசி அவர் வாயை அடைத்தோம். மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, மருத்துவர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தோம். "குரல் கேட்குதா?" "கேட்குது சார்." "எவ்வளவு நாளா?" "ரெண்டு மாசமா." சீட்டில் மாத்திரை எழுதப்பட்டது. அந்தக் குரல் என்ன சொல்கிறது, யாருடைய குரலாக வருகிறது என்று அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. பக்கத்திலேயே நின்ற நாங்களும்தான் கேட்கவில்லை. சமூகவியலில் முதுகலை படித்தும் கேட்கத் தோன்றவில்லை.

பல மாதம் கழித்து அவனே சொன்னான். ஏழாம் வகுப்பு படித்தபோது ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் போனவனை, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி மிரட்டிய ஒருவரின் குரலாம் அது. இப்போதும் சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறதாம். "இறங்குடா" என்கிறதாம்.

இல்லாத குரல் காதில் கேட்பது நோயின் அறிகுறி. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இல்லாத குரலுக்கு வார்த்தையைக் கொடுத்தது யார்? இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம்மைப் போன்ற மக்களுக்கு நேர்ந்தவையும் இருக்கின்றன. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

காலம் மாறினால் பிரமையும் மாறும்

மனச்சிதைவு என்று நாம் சொல்லும் ஸ்கிசோஃப்ரினியா எல்லா நாடுகளிலும், எல்லா மக்களிடத்திலும் இருக்கிறது. நமக்குள்ளேயே ஓடும் பேச்சை மூளை 'இது என்னுடையது' என்று அடையாளம் காணத் தவறும்போது, அது வேறொருவர் பேசுவதாகக் கேட்கிறது என்பது அறிவியலாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. உள்ளே ஓடும் பேச்சு எங்கிருந்து வருகிறது? நாம் வாழும் வீடு, தெரு, பள்ளிக்கூடம், கோயில், வேலை செய்யும் இடம் ஆகியவற்றிலிருந்துதான். அதனால் குரல் கேட்கும் தன்மை எங்கும் இருந்தாலும், குரல் பேசும் விஷயம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது.

லண்டனில் ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்றொரு தேயிலை வணிகர் இருந்தார். 1797இல் பெத்லெம் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். நகரத்தின் ஒரு நிலவறையில் ஒரு கும்பல் 'காற்றுத் தறி' ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் கதிர்களால் தன்னுடைய சிந்தனையையும் உடலையும் ஆட்டிப் படைப்பதாக அவர் சொன்னார். அந்த விடுதியில் மருந்தாளராக இருந்த ஜான் ஹாஸ்லம் 1810இல் இவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கிலாந்து முழுக்க இயந்திரத் தறிகள் வந்து மனிதர்களின் வாழ்க்கையைப் புரட்டிக்கொண்டிருந்த காலம் அது. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

1919இல் வியன்னாவைச் சேர்ந்த விக்டர் டாஸ்க், நோயாளிகள் பலர் தங்களை ஏதோ ஓர் இயந்திரம் தூரத்திலிருந்து இயக்குவதாகச் சொல்வதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு வானொலி வந்தது. வானொலி தன்னிடம் பேசுவதாகச் சொல்பவர்கள் வந்தார்கள். தொலைக்காட்சி, செயற்கைக்கோள், உடம்புக்குள் வைக்கப்பட்ட சிப், கைப்பேசி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நோயாளியின் பிரமை வானத்திலிருந்து விழுவதில்லை. அவர் வாழும் சமூகத்தின் சரக்கைக் கொண்டுதான் அது கட்டப்படுகிறது.

ஒப்பிடப் போனவர் கண்டதும் காணாததும்

பிற்காலத்தில் ஸ்கிசோஃப்ரினியா என்று அழைக்கப்பட்ட நோயை வரையறுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்ளின். 1904இல் அவர், அன்று டச்சுக் காலனியாக இருந்த ஜாவா தீவுக்குப் போனார். அங்கே பயிட்டன்சோர்க் நகரின் மனநோய் விடுதியில் இருந்தவர்களைப் பார்த்தார். ஐரோப்பிய நோயாளிகளிடம் காணும் நோய்கள் அங்கேயும் இருந்தன. ஆனால் குரல் கேட்பது அங்கே மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார்.

நல்ல கவனிப்பு. ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்த காரணத்தைப் பாருங்கள்: ஜாவா மக்களின் மனம் ஐரோப்பியர்கள் அளவுக்கு வளர்ச்சி அடையவில்லை, அவர்களின் சிந்தனையில் மொழிக்குப் பெரிய இடம் இல்லை என்ற திசையில் அவருடைய விளக்கம் போனது. சில வாரங்கள் தங்கிய ஒருவர், அந்த மக்களின் மொழியைத் தன் தாய்மொழிபோல அறியாத ஒருவர், அவர்களுடைய சிந்தனையில் மொழி குறைவு என்று முடிவு கட்டிவிட்டார். கேள்வி கேட்கும் வெள்ளைக்கார மருத்துவரிடம், ஓர் அடிமை நாட்டு மனிதர் தன் காதில் விழுவதை எல்லாம் சொல்லியிருப்பாரா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பண்பாடு வேறாக இருக்கிறது என்பதைக் கண்டவுடன், கீழாக இருக்கிறது என்று எழுதிவிடுவது நமக்குப் பழக்கமான கதைதான்.

சென்னையின் மனநோய் விடுதியும் காலனியாட்சியின் காலத்தில் பிறந்ததுதான். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. நாம் பேச்சுவழக்கில் கேலிக்குப் பயன்படுத்தும் அந்த ஊர்ப் பெயருக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அடுத்த முறை தோழர்களில் யாராவது 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரித்தால், ஒரு நிமிடம் நிறுத்திப் பேசுங்கள்.

கிரேப்ளினுக்கு அரை நூற்றாண்டு கழித்து, அதே கேள்வியை வேறு மாதிரிக் கையாண்டார் பிரான்ஸ் ஃபனோன். மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவரான அவர், 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா-ஜுவான்வீல் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் பெண்கள் இருந்த பிரிவில் விழா, திரைப்படம், பத்திரிகை என்று கொண்டுவந்தார். அவர்கள் தேறினார்கள். அதையே முஸ்லிம் ஆண்கள் இருந்த பிரிவில் செய்துபார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் அந்த நோயாளிகளைக் குறை சொல்லவில்லை. தன் முறைதான் தவறு, அது அவர்களுடைய வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று எழுதினார். பிறகு அங்கே அவர்களுக்குப் பழக்கமான காப்பிக்கடை வந்தது, அவர்களுடைய பண்டிகைகள் வந்தன, ஊர்க் கதைசொல்லி வந்தார். நிலைமை மாறியது. நோயாளியின் பண்பாட்டை நோயின் காரணமாகப் பார்ப்பதற்கும், குணமடைவதற்கான தரையாகப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

எதிர்ப்பே நோயான கதை

இளம் தோழர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பகுதி இது.

1851இல் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பின அடிமைகள் எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடுவது 'டிரேப்டோமேனியா' என்னும் மனநோய் என்று எழுதினார். விடுதலை வேண்டும் என்ற எண்ணமே நோய். அதற்கு அவர் சொன்ன வைத்தியங்களில் சாட்டையடியும் ஒன்று.

இது பழைய காலத்து முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்கிசோஃப்ரினியா என்றால், வீட்டுவேலைகளில் ஈடுபட முடியாமல் சோர்ந்துபோன வெள்ளைக்காரக் குடும்பப் பெண்ணின் படம்தான் பெரும்பாலும் மருத்துவர்களின் மனதில் இருந்தது. 1960களில் அந்தப் படம் மாறியது. மிச்சிகன் மாநிலத்தின் அயோனியா அரசு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜொனாதன் மெட்சல், அங்கே இந்த நோயின் பெயரால் அடைக்கப்பட்டவர்கள் எப்படி டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பின ஆண்களாக மாறினார்கள் என்பதைத் தன் நூலில் காட்டியிருக்கிறார். சிவில் உரிமைப் போராட்டமும் கறுப்பர் எழுச்சியும் உச்சத்தில் இருந்த காலம் அது.

1968இல் இரண்டு மருத்துவர்கள் ஒரு முன்னணி மனநல மருத்துவ இதழில் 'எதிர்ப்பு மனநோய்' என்ற பெயரிலேயே கட்டுரை எழுதினார்கள். கறுப்பின ஆண்களின் பேச்சில் வந்த ஆப்பிரிக்க, இஸ்லாமிய அடையாளங்களும், வெள்ளையர் சமூகத்தின் மீதான கோபமும் நோயின் பாகமாக வாசிக்கப்பட்டன. அதே ஆண்டு வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில், இந்த நோயின் ஒரு வகைக்கான விவரிப்பில் பகைமையும் ஆக்ரோஷமும் இடம்பிடித்தன. 1974இல் ஹால்டால் மருந்துக்கான விளம்பரத்தில், முட்டியை உயர்த்திக் கோபமாக நிற்கும் ஒரு கறுப்பின மனிதர் வரையப்பட்டிருந்தார். உயர்த்திய கை உரிமை கேட்பவர்களின் சின்னம். மருந்துக் கம்பெனிக்கு அது அறிகுறி. அயோனியா மருத்துவமனை வளாகமே பின்னாளில் சிறைச்சாலையாக மாற்றப்பட்டது.

கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை உள்வாங்கி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமையோடு இந்தப் பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அவனுக்குக் கொஞ்சம் கிறுக்கு, எதுக்கெடுத்தாலும் சாதி சாதின்னு பேசுவான்" என்று கல்லூரியிலும் அலுவலகத்திலும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படும்போது, கார்ட்ரைட்டின் குரல்தான் அங்கே பேசுகிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தவறாக நோய் முத்திரை குத்துவது ஒன்று. ஒடுக்குமுறை உண்மையிலேயே நோய்க்கு வழி திறப்பது இன்னொன்று. பிரிட்டனில் குடியேறிய கரீபியக் கறுப்பின மக்களிடம் இந்த நோய், வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பதிவாகிறது. ஆனால் அவர்கள் விட்டுவந்த டிரினிடாட், பார்படோஸ் தீவுகளில் செய்த ஆய்வுகளில் அந்த அளவு இல்லை. அப்படியானால் காரணம் இரத்தத்தில் மட்டும் இல்லை. தொடர்ந்து வெளியாளாக நடத்தப்படுவதும், தாழ்த்தப்படுவதும், தோற்கடிக்கப்படுவதும் நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் இருவர் 'சமூகத் தோல்வி' என்ற கருத்தை முன்வைத்தார்கள். சேரியில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கவுரை தேவையில்லை.

சென்னையில் கேட்ட குரல்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். 2014இல் வெளியானது. கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம்முடைய சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேர், மொத்தம் 60 பேர். எல்லோரும் குரல் கேட்பவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது எங்கள் தம்பியிடம் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான்: உங்களோடு பேசுவது யார்? என்ன சொல்கிறது?

அமெரிக்கர்கள் பெரும்பாலும் குரலைத் தாக்குதலாக, தங்கள் மனதுக்குள் அத்துமீறி நுழைந்த ஒன்றாகப் பார்த்தார்கள். வெட்டு, குத்து, போர் என்று அந்தக் குரல்கள் பேசின. அவர்களில் ஒருவர்கூடத் தன் அனுபவம் பெரும்பாலும் நல்லது என்று சொல்லவில்லை. அக்ராவில் 16 பேர் கடவுளின் குரலைக் கேட்டதாகச் சொன்னார்கள். பாதிப் பேர் தங்கள் அனுபவம் பெரும்பாலும் நல்லதே என்றார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமையல் செய், கடைக்குப் போ என்று வீட்டுப் பெரியவர்கள் ஏவுவது போன்ற குரல்கள். சில நேரம் திட்டும், சில நேரம் புத்தி சொல்லும்.

அமெரிக்காவில் மனம் என்பது ஒவ்வொருவருக்கும் சொந்தமான, மதில் கட்டிய தனி வீடு. அதற்குள் வேறொரு குரல் வந்தால் திருடன் புகுந்த மாதிரி. சென்னையிலும் அக்ராவிலும் மனிதர்கள் தங்களை உறவுகளோடும் தெய்வங்களோடும் பின்னிக் கிடப்பவர்களாக உணர்கிறார்கள். அதனால் குரலும் ஓர் உறவாக வந்துவிடுகிறது என்பது லூர்மனின் விளக்கம்.

எங்கள் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. காலனியில் ஓர் அம்மா இருக்கிறார். செத்துப்போன தன் தாயோடு பேசிக்கொண்டே பாத்திரம் துலக்குவார். "எங்கம்மா இன்னும் தண்ணி புடிக்கலியான்னு கேக்குது" என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இறந்தவர்கள் பேசுவது நம் தெருக்களுக்குப் புதிதும் அல்ல. காத்தவராயனும் மதுரைவீரனும் கதைகளில் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டு, பிறகு சாமியானவர்கள். கொல்லப்பட்டவர்கள் திரும்பிவந்து சாமியாடிகளின் வாய்வழியே நியாயம் கேட்கும் மரபு நம்முடையது.

ஆனால் இந்த ஆய்வைப் படித்துவிட்டு, 'நம் பண்பாடு உயர்ந்தது, நம் குடும்பம் அன்பானது' என்று மேடையில் பேசுபவர்களோடு நாம் சேர முடியாது. ஏவும் குரல் எல்லாம் அன்பான குரல் அல்ல என்பதை நம் வீட்டு மருமகள்களிடம் கேட்டால் சொல்வார்கள். சென்னையிலும் ஆபாசமாகவும் கொடூரமாகவும் பேசிய குரல்களைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். மேலும், அந்த ஆய்வு சாதியைப் பற்றியது அல்ல. பண்பாடு குரலை வடிவமைக்கிறது என்றால், இந்த நாட்டின் பண்பாடு என்பது உறவு மட்டுமா? ஊரும் சேரியும் பண்பாடுதான். தனிக்குவளையும் பண்பாடுதான். "இறங்குடா" என்பதும் பண்பாடுதான். அம்மாவின் குரல் வந்து உட்காரும் அதே மனதில் ஆண்டையின் குரலும் வந்து உட்காரும். சமூகப்பணியும் உளவியலும் மானுடவியலும் படிக்கும் நம் மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு இங்கேதான் காத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. நோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பக்கத்தில் மருத்துவமும் கையில் காசும் இல்லாதவர்கள் நம்பிக்கையைத் தேடித்தான் போவார்கள். ஆகவே 'நம்பிக்கையே வைத்தியம்' என்று நாம் சொல்ல மாட்டோம். மாத்திரை தேவை. எங்கள் தம்பி இன்று எழுந்து நடமாடுவதில் மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது.

ஆனால் மாத்திரையோடு காதும் தேவை. 1987இல் நெதர்லாந்தில் மரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவர், குரல் கேட்கும் தன் நோயாளி ஒருவரோடு தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். நூற்றுக்கணக்கானோர் தொடர்பு கொண்டார்கள். குரல் கேட்டும் அதைச் சமாளித்து வாழ்பவர்கள் அவர்களில் இருந்தார்கள். குரல் கேட்பவர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசும் குழுக்கள் அதிலிருந்துதான் பல நாடுகளுக்குப் பரவின. குரலுக்கும் அந்த மனிதரின் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பைப் பேசுவதுதான் அங்கே முக்கியம்.

சட்டமும் நம் கையில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தோழர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் அவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது பிரிவு 3. சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது பிரிவு 18. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது பிரிவு 95. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் இயக்கங்களுக்குள்ளும் இதைப் பேசியாக வேண்டும். வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். எத்தனை குடிசை எரிந்தது, எத்தனை பேருக்குக் காயம் என்று எழுதிக்கொள்கிறோம். ஆறு மாதம் கழித்து அங்கே யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் காதில் யார் குரல் கேட்கிறது என்று திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறோமா? எங்கள் பதில் 'இல்லை' என்பதுதான்.

யாராவது ஒருவர் உங்களிடம் குரல் கேட்கிறது என்று சொன்னால், "அப்படி ஒன்னும் இல்ல" என்று வாதாட வேண்டாம். "யாரு பேசறாங்க? என்ன சொல்றாங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள்.

தம்பி இப்போது வாரத்தில் நான்கு நாள் படிப்பகத்துக்கு வருகிறான். மாத்திரை சாப்பிடுகிறான். ஆயா முனிக்குப் படையல் போட்டார். இந்த முறை நாங்கள் தடுக்கவில்லை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். "இன்னும் கேக்குதுண்ணா, ஆனா சத்தம் கம்மி" என்கிறான். அவனுடைய மருத்துவச் சீட்டில் அவன் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, நோயின் பெயர் இருக்கிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அவர் நலமாக இருக்கிறார். ஊர்த்தெருவில் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அந்த வழியாகத்தான் நாங்கள் எல்லோரும் சைக்கிளில் போனோம். தம்பி முன்னால் போனான். யாரும் இறங்கவில்லை.